அடைக்கோழியை எண்ணக் கூடாது

பிப்ரவரி 9, இரவு

அக்கா,

உன் காலில் விழுகிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருப்பவர்களுக்கும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. இல்லை, எரித்துவிடு. கிழித்ததை ஒட்டிப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதில் போட்டால் வீட்டுக்குப் போடாதே. நீ அனுப்பியதையெல்லாம் அப்பா பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். அப்படித் திருப்பி அனுப்ப வைத்திருந்த உறையைப் பார்த்துத்தான் உன் முகவரியை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். எங்கள் பள்ளி முகவரிக்கு, நூலக டீச்சர் பெயருக்கு அனுப்பு. அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "இந்தக் காலத்துல கடுதாசியா?" என்று சிரித்தார், அவ்வளவுதான்.

நேற்று நம் கோழிகளையெல்லாம் கொன்றுவிட்டார்கள்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஒரே நாளில் ஒன்பது கோழி செத்துப்போனதாம். பறவைக் காய்ச்சல். நேற்றுக் காலை வெள்ளை உடையில் ஐந்து பேர் வந்தார்கள். தலையிலிருந்து கால்வரை மூடியிருந்ததால் யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை. அட்டையில் காகிதம் செருகி வைத்திருந்தவர் கேட்டார், "எத்தனை உருப்படி?"

அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் திருப்புளி. யோசிக்கவே இல்லை. "பதினொண்ணு."

உனக்குப் புரிந்திருக்கும். நம் வீட்டுக் கணக்கு அது. தினமும் சாயங்காலம் கூண்டுக்குள் குனிந்து, கழியில் உட்கார்ந்திருக்கும் தலைகளைத்தானே எண்ணுவார். "அடையில இருக்கறத எண்ணாதே, எண்ணினா தேடத் தோணும், தேடினா எழுந்திரிச்சிடும்" என்று நம்மைத் திட்டுவாரே. கப்பல் அடையில் இருக்கிறது அக்கா. உன் கப்பல். மாடிப்படிக்கு அடியில், நீ விட்டுப்போன ஜிப் போன சூட்கேஸில், எட்டு நாளாக ஆறு முட்டையோடு.

பதினொன்றையும் பிடித்தார்கள். ஹெட்மிஸ் தானாகவே போனது. கோணிப்பையைப் பார்த்தால் தீனி என்று நினைக்கும் ஜென்மம். வக்கீலம்மா மட்டும் கத்திக் கத்தி வாதாடியது. தம்பி சுண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அது கொத்தும், பாத்துப் புடிங்க!" என்று அவர்களுக்கு உதவி செய்துகொண்டிருந்தான். ஊசி போடக் கொண்டுபோகிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். கடைசியில் பைகள் அசையாமல் இருந்ததைப் பார்த்ததும் அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். ஐந்து வயசுக்கு அது பெரிய விஷயம்.

பிறகு அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். 'இவ்வீட்டில் இனிப் பறவை எதுவும் இல்லை.' நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அப்பா மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். படிக்கு அடியில் இப்போது நான் மட்டும்தான் போகிறேன். பள்ளியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், மறைத்தால் சிறை என்று. சிறைக்கு அப்பாவா போவார், நானா?

நீ அந்தக் கால்நடை இலாகாவில்தானே வேலை பார்க்கிறாய். உங்கள் பட்டியலில் நம் வீட்டுக்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதிவிட்டால் யாரும் திரும்ப வர மாட்டார்கள் இல்லையா? உன்னால் முடியுமா? நீ போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். அதை இன்னும் மன்னிக்கவில்லை. இதைச் செய்தால் மன்னித்துவிடுகிறேன்.

எலி


பிப்ரவரி 13

எலி,

எரித்துவிட்டேன். சமையலறை அடுப்பில் எரித்தேன், கூட இருப்பவள் பால் பொங்கிவிட்டதா என்று ஓடிவந்தாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியல் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வெள்ளை உடைக்குள் யார் ஆண், யார் பெண் என்று தெரியவில்லை என்றாயே. உங்கள் வீட்டுக்கு வந்தது வேறு குழு. ஆனால் அதே நாளில் வேறொரு ஊரில், வேறொரு வாசலில் நானும் அப்படித்தான் நின்றிருந்தேன், பையின் வாயைப் பிடித்துக்கொண்டு. நான்தான் பை பிடிப்பவள். இந்த ஒரு மாதத்தில் எத்தனை என்று எழுதினால் நீ என்னை அக்கா என்று கூப்பிட மாட்டாய்.

நான் வீட்டை விட்டுப் போன அன்றைக்கு அப்பா சொன்னது இதைத்தான். "கோழி வளத்த கை, அந்த வேலைக்குப் போகாது." நான் மருந்து கொடுக்கும் வேலை என்றேன். அவர், "மருந்து தீந்தா என்ன குடுப்பீங்க?" என்றார். சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. உன்னை எழுப்பிச் சொல்லிக்கொண்டு போக எனக்கு முகம் இல்லை.

சட்டப்படி நான் இன்றைக்கே என் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அவர் அறை வாசல்வரை போனேன். கதவில் கை வைத்தபோது கப்பல் நடக்கிற நடை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் சரிந்து சரிந்து, சரக்கு ஏற்றியதுபோல. முட்டையிலிருந்து அது வெளியே வந்தபோது என் உள்ளங்கையில்தான் ஈரம் உலர்ந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

எட்டு நாளாகத் தனியாக இருக்கிறது, மற்றவற்றோடு சேரவில்லை. நோய் இருந்திருந்தால் இதற்குள் காட்டியிருக்கும். இதை நான் உனக்குச் சொல்கிறேனா, எனக்கே சொல்லிக்கொள்கிறேனா தெரியவில்லை.

கேட்டுக்கொள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டாமல் படிக்கு அடியில் போகாதே. வந்ததும் முழங்கைவரை சோப்புப் போடு. அந்தச் செருப்பை வேறெங்கும் போடாதே. சுண்டு பக்கத்திலேயே போகக் கூடாது. 23ஆம் தேதி எனக்கு ஒருநாள் விடுப்பு. அப்பா வேலைக்குப் போனதும் பின்வாசல் வழியாக வந்து கப்பலை எடுத்துக்கொண்டு போகிறேன்.

பட்டியலில் 'முடிந்தது' என்றுதான் இருக்கிறது. நான் கை வைக்கவில்லை. அவர்களே எழுதியது.

அக்கா


பிப்ரவரி 16, இரவு

அக்கா,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பை பிடிக்கிறவள் என்று படித்ததும் உன் கை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தலை பின்னிவிட்ட கைதானே. கோபமாக எழுத ஆரம்பித்து ஒரு தாளைக் கசக்கிவிட்டேன். உன்னைத் திட்டினால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு தப்பு நடந்துவிட்டது. சுண்டு கண்டுபிடித்துவிட்டான்.

நேற்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது படிக்கு அடியிலிருந்து அவன் கால் மட்டும் தெரிந்தது. இழுத்தேன். "ஷ்! அது தூங்குது. நீ கத்துனா முட்டையெல்லாம் கூமுட்டை ஆயிடும்" என்றான். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டால் விரலை விரித்து விரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா" என்றான். அம்மாவிடம் சொன்னாயா? "நான் என்ன கூமுட்டையா?" என்றான்.

டார்ச்சை முட்டைக்குப் பின்னால் வைத்து அவனுக்குக் காட்டினேன். நீ எனக்குக் காட்டியதுபோல. உள்ளே சிவப்பாக நரம்பு ஓடுவதைப் பார்த்துவிட்டு, மூக்கு முட்டையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தான். பிறகு, "ஹெட்மிஸ் இதுக்குள்ள இருக்கா?" என்று கேட்டான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். ஆனால் கோழிகள் போன பிறகு அவன் முதல்முறையாக நேற்றுத்தான் இரண்டாம் தடவை சோறு வாங்கினான்.

இனிமேல் போகாதே என்று மிரட்டியிருக்கிறேன். போனால் கப்பலைப் பிடித்துக்கொடுத்துவிடுவேன் என்றேன். அழுதான். சத்தியம் செய்தான்.

இன்னொன்று. தண்ணீர்க் கிண்ணம் எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருக்கிறது. நான் சாயங்காலம்தான் ஊற்றுகிறேன். சுண்டுவுக்குக் குழாய் எட்டாது. கப்பல் குடிப்பதே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. அடையில் இருக்கும்போது குறைவாகத்தானே குடிக்கும்?

அப்பா இப்போதும் சாயங்காலம் ஆனால் காலிக் கூண்டுக்கு முன்னால் போய்க் குனிகிறார். குனிந்துவிட்டு, எதற்காகக் குனிந்தோம் என்று யோசிப்பவர்போல நிற்கிறார். அம்மா, "அங்க என்ன இருக்கு, உள்ள வாங்க" என்றால் ஒரு திருகாணியைத் தேடுவதாகச் சொல்கிறார்.

23க்கு இன்னும் ஏழு நாள். சீக்கிரம் வர முடியாதா?

எலி


பிப்ரவரி 18

எலி,

நாங்கள் இப்போது ஊருக்கு வெளியே ஒரு கூடாரத்தில் இருக்கிறோம். எங்கள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். பத்து நாள் யாரும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 23ஆம் தேதி என்னால் வர முடியாது.

சுண்டு அங்கே போனான் என்று படித்ததும்தான் எனக்கு உறைத்தது. நான் முதல் கடிதத்தில் எழுதியது தப்பு. எட்டு நாளில் தெரிந்துவிடும் என்று எழுதினேன். கூண்டிலிருந்த கோழிகளோடு அது சேரவில்லை, சரி. ஆனால் கூண்டுக்குப் போன செருப்பு படிக்கு அடியிலும் போயிருக்கும். ஒரு செருப்பு போதும். இது எனக்குத் தெரியும். தினமும் வாசல் வாசலாகப் போய் மற்றவர்களுக்குச் சொல்வதே இதுதான்.

தினமும் கொண்டையைப் பார். சிவப்பாக இருக்க வேண்டும். நீலம் பூத்தாலோ, கழுத்தைத் தொங்கப் போட்டாலோ தொடாதே. கதவைச் சாத்திவிட்டு அப்பாவிடம் சொல். அவர் திட்டுவார், திட்டட்டும். சிறை, நோட்டீஸ் எதற்கும் பயப்படாதே. எல்லாவற்றையும் அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று சொல்.

அக்கா


பிப்ரவரி 22, இரவு

அக்கா,

உன் 18ஆம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கப்பல் 19ஆம் தேதியே செத்துவிட்டது.

கொண்டை நீலமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போது தெரியாதே. டார்ச் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். காலையில் பார்த்தபோது முட்டையின்மேல் உட்கார்ந்தபடியே இருந்தது, தலை மட்டும் ஒருபக்கமாகச் சரிந்து. எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு, கையில் பை மாட்டிக்கொண்டு, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஆழமாகத் தோண்டிப் புதைத்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் கொட்டினேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. முட்டைகளைச் சாயங்காலம் புதைக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனேன்.

ஏன் விட்டுப் போனேன்? எனக்கு நானே நூறு முறை கேட்டுவிட்டேன்.

திரும்பி வந்தபோது சூட்கேஸ் காலி. அன்று இரவு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சுண்டு வரவில்லை. கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு முட்டிபோட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அம்மா, "தட்டு நாலு வெச்சிருக்கேன், ஆள் மூணுதான் இருக்கு, நாலாவது தொரை எங்க?" என்று கேட்டாள். அவன் அங்கிருந்தே சொன்னான்:

"நான் அடையில இருக்கேன். என்னை எண்ணாதீங்க."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்கவும் இல்லை, பிசையவும் இல்லை.

அவன் தூங்கிய பிறகு போர்வையை விலக்கிப் பார்த்தேன். சட்டைக்குள் ஆறு முட்டை, வயிற்றோடு வயிறாக. ஒன்று நசுங்கியிருந்தது. எடுக்கப் பார்த்தேன். விழித்துக்கொண்டான். "கப்பலுக்கு உடம்பு சரியில்லை, ஊசி போடப் போயிருக்கு, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றான். காலையில் நான் குழி தோண்டியதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னான்.

முட்டைகளை எடுத்துப் புதைத்துவிட்டேன். அவனைக் குளிப்பாட்டினேன். இவ்வளவு ராத்திரியில் என்னடி குளியல் என்று அம்மா கேட்டாள். கட்டிலை நனைத்துவிட்டான் என்று அவன்மேல் பழி போட்டேன். அவன் மறுக்கவில்லை.

நேற்றிலிருந்து அவனுக்குக் காய்ச்சல். தெருமுனை டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, சளி, மூன்று நாளில் போய்விடும் என்றார். "வீட்டுல கோழி இருக்கா?" என்று கேட்டார். அம்மா, "எல்லாத்தையும்தான் அன்னிக்கே அள்ளிட்டுப் போயிட்டாங்களே" என்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். நான் மருந்துச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சளிதானே அக்கா? சளி என்று எழுது. நீ எழுதினால் நம்புவேன்.

எலி


பிப்ரவரி 25, மதியம்

எலி,

சளி என்று எழுத மாட்டேன்.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. அப்பாவின் போனுக்கு வேறொருவர் எண்ணிலிருந்து ஆறு முறை அடித்துவிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார், பிறகு எடுப்பதே இல்லை. இன்று உங்கள் ஊருக்கு மருந்து வண்டி போகிறது. ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை பள்ளியில் சேர்த்துவிடுவார்.

சுண்டுவுக்கு வேறு மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் யாரும் அதைக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். டாக்டரிடம், நர்சிடம், வாசலில் நிற்கும் காவலாளியிடமாவது சொல்: வீட்டில் பன்னிரண்டாவது கோழி இருந்தது, செத்துவிட்டது, இவன் அதைத் தொட்டான், முட்டையைத் தொட்டான். அவ்வளவுதான். வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

நீயும் தொட்டாய். உனக்கும் பார்க்கச் சொல்.

இதை உறையில் போட்டதும் என் அதிகாரியின் கூடாரத்துக்குப் போகிறேன். 13ஆம் தேதி திரும்பி வந்தேனே, இந்த முறை திரும்ப மாட்டேன். என் வேலை போகும், போகட்டும். அப்பா அன்றைக்குச் சொன்னது பொய்யாகவில்லை. ஆனால் நான் கொன்றது பையில் போட்டவற்றை மட்டும் இல்லையோ என்று

இல்லை. அப்படி எழுத மாட்டேன். சொல், எலி. அவர்கள் வந்து கேட்பதற்கு முன்னால் நீ சொல். யாரோ கண்டுபிடித்ததாக இருக்கக் கூடாது. நீ சொன்னதாக இருக்கட்டும்.

அக்கா


பிப்ரவரி 26, இரவு

அக்கா,

இதையும் யாருக்கும் காட்டாதே என்று எழுத வந்து அடித்துவிட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

சுண்டுவை நேற்று முன்தினம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உன் கடிதம் இன்று முதல் பீரியடில் கிடைத்தது. நூலக டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போ, நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஓடினேன்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருக்கிறான். மூக்கில் குழாய். நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்குகிறது, பையில் பிடித்துப் போட்ட பிறகு கோழிக்கு இருக்குமே, அப்படி. அம்மா அவன் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்கச் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளாம்.

நடையில் அப்பா நின்றிருந்தார். அப்போதுதான் ஒரு டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார். "மறுபடியும் கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. கோழி, வாத்து, புறா, ஏதாவது கிட்ட போனானா?"

அப்பா, "பதினொண்ணு இருந்துச்சு. எட்டாம் தேதியே எடுத்துட்டாங்க" என்றார்.

அவர் பேசும்போது என் கையைப் பிடித்திருந்தார். இறுக்கினார். நான் அண்ணாந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பிடியில் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மறக்கவே இல்லை.

நான் சொல்லவில்லை அக்கா. உன் கடிதம் சட்டைப்பைக்குள் சுட்டுக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே நின்றேன். டாக்டரம்மா போய்விட்டார்.

அப்பா என்னைப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். "தெரியுமா உனக்கு?" என்றார். தெரியும் என்றேன். "தண்ணி ஊத்தினது நான்தான். விடியக்காலைல." அவர் குரல் அப்பா குரல்போலவே இல்லை. "வாய் தவறித்தான் பதினொண்ணுன்னு வந்துச்சு. அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்துச்சு. திருத்தியிருக்கலாம். திருத்தலை. அது அவ வளத்தது. என்னிக்காவது அவ திரும்பி வந்தா, காட்டறதுக்கு ஒண்ணாவது இருக்க வேணாமா?"

அவ என்றது உன்னைத்தான். நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து.

கூண்டைக் கழுவிய அதே செருப்போடுதான் படிக்கு அடியிலும் போயிருக்கிறார். அதை அவரே சொன்னார். தினமும் ராத்திரி அதை நினைத்துக்கொண்டு படுக்கிறாராம். இப்பவாவது சொல்லிடலாம்ப்பா என்றேன். "சொன்னா உங்கம்மா என் மூஞ்சில முழிப்பாளா?" என்று கேட்டார். பிறகு, "நாளைக்குக் காலைல நானே சொல்றேன். நீ வீட்டுக்குப் போ. என்னைச் சொல்ல விடு" என்றார். நான் வந்துவிட்டேன். நாளைக் காலை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா. அதுதான் என்னுடைய பெரிய பாவம்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். படிக்கு அடியில், அந்தச் சூட்கேஸ் இருந்த இடத்தில் உட்கார்ந்து, முட்டை பார்க்கும் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். எனக்கும் உடம்பு சுடுகிறது. பயத்திலா என்று தெரியவில்லை. ஒரே வீட்டில் ஒரே கோழியை நான் ஒளித்தேன், அப்பா ஒளித்தார், சுண்டு ஒளித்தான், நீ அங்கிருந்தே ஒளித்தாய். அம்மா ஒருத்திக்குத்தான் தெரியாது. அவள்தான் இப்போது அவன் பக்கத்தில்

வாசலில் வண்டி நின்றது. ஒன்று இல்லை, இரண்டு.

தட்டுகிறார்கள். அப்பாவாக இருந்தால் சாவி இருக்கிறது. அம்மா தட்ட மாட்டாள், கூப்பிடுவாள். நீ சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளை உடை. ஒருவர் கையில் அதே அட்டை. "வீட்டுல யாரு இருக்கீங்க? மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்கிறார்கள்.

திறக்கப் போகிறேன். கோழி பன்னிரண்டு என்று சொல்லப் போகிறேன். ஆள் ஐந்து. உன்னையும் சேர்த்து, அடையில் இருப்பவனையும் சேர்த்துத்தான் எண்ணுவேன், இனிமேல் யாரையும் விட்டுவிட்டு